பைத்தின் கடைசிப் பெயர்

786
மரக்காணம்,
9-11-1976

அன்புள்ள மச்சானுக்கு பஷீரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம். துபாய்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும்.

இங்கே மழை முந்திக்கொண்டது. அளத்தில் குவித்த உப்புக்குக் கீற்று போடுவதற்குள் பாதி கரைந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை.

மாமாவுக்கு வாய் இழுத்துக்கொண்டது என்று தந்தி கொடுத்தேன். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, வர முடியாது என்று எழுதிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. மாமாவிடம் அதை எப்படிச் சொல்வேன்? ஆகாரம் நின்றுவிட்டது. மகன் வருவான் என்று கண் மட்டும் வாசலில் இருக்கிறது.

உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கே தெரியும். ரூஹு பிரியும் நேரத்தில் மூத்த மகன் தலைமாட்டில் உட்கார்ந்து பைத்துப் பாட வேண்டும். தோணியில் வந்த பாட்டனார் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி, முடிவில் பாடினது இன்னார் என்று தன் பெயரையும் போட வேண்டும். அடுத்த தலைமுறை பாடும்போது அந்தப் பெயரும் பைத்தில் நிற்கும். எழுதக் கூடாது, வாயிலிருந்து காதுக்குத்தான். தந்தியில் அனுப்புகிற சங்கதியா அது?

மாமாவுக்குத் தம்பியாக இருந்தும் உங்கள் நூர் முஹம்மது சாச்சாவுக்குப் பைத்து வராது, சட்டம் மட்டும் வரும். எனக்குப் பைத்து வரும். வெள்ளிக்கிழமை தோறும் மாமா பாடும்போது நீங்கள் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். அடுப்படியிலிருந்து கேட்டது நான்தான். நான் பாடட்டுமா என்றதற்கு சாச்சா, "வேற வூட்லேர்ந்து வந்த பொம்பள பாடினா பேரு சேராதும்மா" என்று சொல்லிவிட்டார்.

நேற்று அவர் தொழப் போன நேரத்தில் பாடினேன். மாமா என் விரலைப் பிடித்துக்கொண்டார். கிணறு வெட்டிய பாட்டனார் பெயருக்கு அவர் உதடுகூட அசைந்தது. கடைசி அடியில் நான் நின்றுவிட்டேன். உங்கள் பெயரைப் போட்டால் பொய். போகிறவர் காதில் பொய் சொல்லலாமா? என் பெயரைப் போடத் தைரியம் வரவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். விரலை உருவிக்கொண்டு அடுப்படிக்கு வந்து அழுதேன்.

இது உங்கள் கைக்கு வந்து, நீங்கள் சம்மதம் எழுதி, அது இங்கே வருகிறவரை அவரை யார் நிறுத்தி வைப்பது? நாளை லுஹர் தொழுகைக்கு சாச்சா பள்ளிக்குப் போனதும் மறுபடி உட்காருவேன். முடிவில் என் வாயில் எந்தப் பெயர் வருமோ, எனக்கே தெரியவில்லை.

அது என் பெயராக இருந்தால், மச்சான், நம் பிள்ளைக்குப் பைத்துச் சொல்லித்தரும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள்.

உங்களை நல்லபடியாக அல்லாஹ் கரை சேர்க்கட்டும்.

பஷீரா