தொட்டியடியில் நின்று கேட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அம்மா நலம், மாடு நலம், கோழிகள் பதினொன்றும் நலம், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டு எழுத ஆரம்பித்தேன், பிறகு அடித்துவிட்டேன். நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள், நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், செவ்வாய்க்கிழமை காலையில் என் காதாலேயே கேட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், உட்கார்ந்து படி.

இங்கே போனில் சிக்னல் கிடைக்காது, கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால்தான் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த இரும்பு ஏணிக்குப் பன்னிரண்டு படி, என் முழங்கால் மூன்றாவது படிக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் பதினோரு மாதமாக உனக்கு வாராவாரம் கடிதம் எழுதுகிறேன். அம்மா மட்டும் "தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வரேன்" என்று வாரத்துக்கு இரண்டு முறை ஏறுவாள். எவ்வளவு பொறுப்பு என்று நானும் நினைத்துக்கொள்வேன். தொட்டியில் தண்ணீர் பார்க்க நாற்பது நிமிடம் ஆகுமா என்று, முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் நிமிடத்தை எண்ணியே சம்பளம் வாங்கின எனக்குத் தோன்றவில்லை பார். செவ்வாய்க்கிழமை தொட்டியடியில் குழாய் ஒழுகுகிறதே என்று குறடு எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது, ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவள், ஊருக்கே கேட்கும். "இந்த வாரக் கடிதத்துல உன்னைச் சேவல் கொத்திடுச்சாமேம்மா, மருந்து போட்டியா" என்று நீ கேட்கிறாய். அவள் சிரிக்கிறாள். நீ சிரிக்கிறாய். பின்னால் மாப்பிள்ளை சிரிப்பதும் கேட்டது. நான் குறடும் கையுமாக, தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அங்கேயே நின்றேன்.

ஆக, உனக்கு எல்லாம் தெரியும். முதல் மாதத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே நல்லபிள்ளை மாதிரி எனக்குப் பதில் எழுதியிருக்கிறாய். "அம்மா பாவம்ப்பா, பார்த்துக்கங்க" என்று, "அம்மாவைக் கோழிங்க பக்கம் தனியா அனுப்பாதீங்க" என்று. அந்தக் கடிதங்களையெல்லாம் நேற்று எடுத்து மறுபடி படித்தேன், ஒவ்வொரு வரியிலும் என் காதில் பூச்சுற்றியிருக்கிறாய். பெற்ற பெண்ணும் கட்டின மனைவியும் கூட்டுக்களவாணிகளாகச் சேர்ந்தால் ஒரு மனுஷன் யாரிடம் போய் முறையிடுவது. மாட்டிடம் சொல்லலாம் என்றால் அதுவும் அம்மா கட்சி.

சரி, மறைக்க இனி ஒன்றுமில்லை, என் கடிதங்களை நானே திருத்திவிடுகிறேன். மாடு உதைத்து அம்மா பால் சட்டியோடு சாணியில் உட்கார்ந்தாள் என்று எழுதினேன் அல்லவா, உட்கார்ந்தது நான். மூன்று முறை. அம்மா போனால் அந்த மாடு கண்ணை மூடிக்கொண்டு கறக்கவிடுகிறது, என்னைக் கண்டால் மட்டும் அதற்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வருமோ. அவள் வாசனை இருந்தால் ஏமாறும் என்று நினைத்து, அவள் ஆஸ்பத்திரியில் போட்டிருந்த பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒருநாள் கறக்கப் போனேன். மாடு ஏமாறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்" என்று கேட்டார். மாட்டுக்குத்தான் என்று சொல்லி அசடு வழிந்தேன்.

கோழிகள் சமையலறைக்குள் வருவதற்கு அம்மா அவற்றுக்குச் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்று எழுதினேனே, அதுவும் பொய். டிப்போவில் வண்டிகளைக் கிளப்ப நான் ஊதின விசிலை ஞாபகமாகக் கொண்டுவந்திருந்தேன். இரை போடும்போது விசில் ஊதிப் பழக்கினால் கோழிகள் நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும் என்று கணக்குப் போட்டேன். பத்தே நாளில் பழகிவிட்டன, டிரைவர்களைவிட எவ்வளவோ தேவலை என்று நான் பெருமைப்பட்டேன். பதினோராம் நாள் அம்மா குக்கரை அடுப்பில் வைத்தாள். முதல் விசிலுக்கே பதினொன்றும் ஜன்னல், கதவு என்று பார்க்காமல் உள்ளே பறந்து வந்தன. இன்றுவரை அப்படித்தான். மூன்று விசில் வைக்க வேண்டிய சமையலுக்கு முன்னால் நான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. சேவல் கொத்தினதும் அந்த இடத்தில்தான், அம்மாவை அல்ல.

பீன்ஸ் விஷயம் இன்னும் மோசம். அம்மா யோசிக்காமல் நாற்பது வரிசையையும் ஒரே நாளில் விதைத்துவிட்டாள், அத்தனையும் ஒரே வாரத்தில் காய்த்துக் குவிந்துவிட்டது என்று எழுதினேன். விதைத்தது நான், நூல் பிடித்து, அளவெடுத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. அவள் அன்றைக்கு என்ன சொன்னாள் தெரியுமா, "டிப்போவில இருக்கிற அத்தனை பஸ்ஸையும் ஆறு மணிக்கே வெளியே விட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாததா" என்றாள். தெரியாமலா. தெரிந்தும் செய்தேன். எட்டு நாள் பீன்ஸ் பறித்துப் பறித்து இடுப்பு விட்டுப்போயிற்று, கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மாட்டுக்குக்கூட வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டார்.

இதையெல்லாம் ஏன் அம்மா தலையில் கட்டினேன் என்று நீ கேட்கமாட்டாய், உனக்குத்தான் தெரியுமே, ஆனாலும் என் வாயால் சொல்கிறேன். ரிட்டயர் ஆனால் தோட்டம் வாங்கிப் போய்விடுவேன் என்று முப்பது வருஷமாக டிப்போவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தேன். கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு மண்வெட்டியும் ஓலைத் தொப்பியும் பரிசாகக் கொடுத்து, மாலை போட்டு, கைதட்டி வழியனுப்பினார்கள். அந்த மண்வெட்டியோடு இங்கே வந்து இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நமக்குச் சரிப்படாது என்று. எனக்கு இங்கே காலையில் போக ஓரிடம் இல்லை, பேச ஆளில்லை, எந்த வண்டியும் தாமதமாக வருவதில்லை, ஏனென்றால் எந்த வண்டியும் வருவதே இல்லை. ஆனால் திரும்பிப் போனால் டிப்போவில் எப்படித் தலைகாட்டுவது. நகரத்தில் நம் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பாட்டு டீச்சரிடம் ஒரு வருஷத்துக்குத்தான் பேசியிருந்தோம். அதற்குள் எப்படியும் அம்மா "என்னால முடியலைங்க, போயிடலாம்" என்று அழுவாள், நானும் பெரிய மனசு பண்ணி, "என் மனைவிக்கு ஒத்துக்கலை, அவளுக்காகத்தான் வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு கௌரவமாகத் திரும்பிவிடலாம் என்று காத்திருந்தேன். உன்னையும் அதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வாராவாரம் அவள் படுகிற பாட்டை எழுதினேன்.

அவளோ அழுகிற வழியாக இல்லை. நகரத்தை விட்டு வரும்போது ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு, பக்கத்துத் தோட்டத்து மாடு கன்று போடத் தவித்தபோது யாரும் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சுற்று வட்டாரத்தில் எந்தக் கொட்டகையில் என்ன ஆனாலும் இவளைத்தான் தேடி வருகிறார்கள். என்னை "சிஸ்டர் வீட்டுக்காரர்" என்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் என் விசிலுக்கு இருநூறு வண்டி நகர்ந்தது, பாப்பா. இங்கே நான் சிஸ்டர் வீட்டுக்காரர்.

தொட்டியடியில் நான் கேட்டது சேவல் விஷயம் மட்டுமில்லை. அம்மா சொன்னாள்: "அவருக்கு இங்க ஒருநாள்கூட ஒத்துக்கலைடி, எனக்குத் தெரியாதா. ஆனா அதைச் சொல்ல அவருக்கு என் வாய் வேணும். இந்தத் தடவை தரமாட்டேன். அவரே சொல்லட்டும்." அதோடு நிறுத்தியிருந்தால் நான் கோபத்தோடு போயிருப்பேன். பிறகு அவள் குரல் இறங்கிற்று. "அந்த நீலப் பெட்டியைத் தினம் அவர் கண் முன்னாலதான் திறந்து மூடறேன், ஒரு வார்த்தை வரலை" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி எப்போதோ பேசிவிட்டீர்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நீலப் பெட்டியில் இப்போது விதை வைத்திருக்கிறோம். கைப்பிடியில் கடைக்காரன் கட்டின விலைச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. உனக்கு இருபத்திரண்டு வயதில் வெளியூர் போய்ப் படிக்க இடம் கிடைத்ததே, அந்தக் கடிதம் வந்த அன்றே அம்மா வாங்கிவந்த பெட்டி அது. உன் கண்ணில் படாமல் பரணில் ஏற்றிவைத்தவன் நான். உன்னிடம் வந்து, "அம்மா தாங்கமாட்டா, நீ எதுவும் கேட்காதே, அழுவா" என்றேன். அவளிடம் போய், "பாப்பாவுக்கே போக மனசில்லை, நீ எதுவும் கேட்காதே, அழுவா" என்றேன். ஒரே வாக்கியத்தை இரண்டு பேருக்கும் வைத்துச் சமாளித்தேன். நீ அம்மாவுக்காக நின்றாய், அவள் உனக்காக வாயை மூடிக்கொண்டாள், இரண்டு வருஷம் நீ பிடிக்காத ஓர் ஆபீசில் பிடிக்காத வேலை பார்த்தாய், அம்மாவோடு சரியாகப் பேசாமலே இருந்தாய். அதை நான் தினமும் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். எனக்குத் துரோகம் செய்துவிட்டீர்கள் என்று மேலே நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன் பார், அதை அழிக்கமாட்டேன், அந்த வலி பொய்யில்லை. ஆனால் யார் ஆரம்பித்தது என்றும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையலறைக்குப் போனேன். கதவைப் பிடிக்க மறந்துவிட்டேன், குக்கர் விசில் அடித்தது, படை உள்ளே வந்துவிட்டது. அம்மா கரண்டியை ஆட்டிக்கொண்டு விரட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் எனக்குத் தைரியம் வந்தது, "எனக்கு இங்க முடியலை, நான் திரும்பிப் போகணும்" என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். "இன்னொண்ணும் இருக்கே" என்றாள். நான் சொன்னேன், "பாப்பாவை நிறுத்தினது நீயில்லை. அவ போனா தாங்கமாட்டேன்னு எனக்குத்தான் பயம்." அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கோழி அவள் மடியில் ஏறினது, அதை இறக்கக்கூட இல்லை. கடைசியில், "அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க, அவகிட்ட சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். என்னை மன்னித்துவிடு என்று எழுத ஆசைதான், உடனே மன்னிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அம்மா என்னோடு வரவில்லை. ஒரு பேச்சுக்காவது "இருங்களேன்" என்பாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. "நீங்க போங்க, சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க, மாட்டை நான் பார்த்துக்கறேன்" என்றாள். பாட்டு டீச்சருக்கு வீட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லி எழுத உட்கார்ந்தேன், கை பழக்கத்தில் "என் மனைவிக்கு இங்கே வசதிப்படாததால்" என்று ஓடிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, "எனக்கு வசதிப்படாததால்" என்று புதிதாக எழுதினேன். டிப்போவில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஓலைத் தொப்பியை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், மண்வெட்டி அம்மாவுக்கு வேண்டுமாம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் தன் வாயாலேயே பேசிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மா ஏறும்போது கீழே நின்று பார்த்தேன், ஏணியின் எட்டாவது படி ஆடுகிறது, அம்மாவிடம் ஞாபகப்படுத்து, நான் சொன்னால் கேட்கமாட்டாள். இதுவரை எல்லாக் கடிதத்தின் அடியிலும் "அப்பா, அம்மா" என்று இரண்டு பேர் கையெழுத்தையும் நானேதான் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தனக்கு வேண்டியதைத் தானே எழுதுவாள்.

இப்படிக்கு,
அப்பா