பொட்டை எடுக்கச் சொன்ன வீடியோ

03.03.2025

அக்காவின் மகள் வினோஜா வந்து வீடியோ எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குப் பேஸ்புக் விளம்பரம் செய்பவள். என் மிளகாய்த்தூளையும் உலகம் முழுக்க விற்றுக் காட்டுகிறாளாம். இந்த முறை மிளகாய் நல்ல விளைச்சல், சந்தையில்தான் விலை இல்லை. தூளாக்கி விற்காவிட்டால் இவர் தோட்டத்தில் முதுகு முறியப் பாடுபட்டதெல்லாம் வீண்.

“சின்னம்மா, பொட்டு லைற்றுக்கு மின்னுது, எடுங்கோ. தாலிக்கொடியையும் சட்டைக்குள்ளை விடுங்கோ” என்றாள். எடுத்தேன். அவளுடைய தொழில், நான் என்னத்தைக் கண்டேன்.

06.03

தூளுக்கு ஓடர் குவிகிறது. கனடா, லண்டன், சுவிஸ். எல்லாரும் ஏன் “கவலைப்படாதேங்கோ அக்கா” என்று எழுதுகிறார்கள்?

07.03

அடி பாவி.

வீடியோவின் கீழே இருப்பதை இன்றுதான் வாசித்தேன். “கணவரை இழந்தும் தளராத உடுவில் கிராமத்துச் சகோதரி. வாங்கி ஆதரவு கொடுங்கள்.”

இழந்தேனா? இவர் முற்றத்தில் குந்தியிருந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார்!

போன் எடுத்துக் கத்தினேன். அவள் பதறவேயில்லை. “உப்பிடி எழுதினாத்தான் சின்னம்மா வெளிநாட்டுச் சனம் வாங்கும். இப்ப அழிச்சால் எல்லாம் போச்சு.”

என்ரை பொட்டை என்ரை கையாலேயே எடுக்க வைச்சிட்டாளே! இந்த ஊரில் உண்மையாகவே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

08.03

இவரிடம் சொன்னேன். வினோஜாவைக் கிழிப்பார் என்று பார்த்தால், சிரிக்கிறார். “தூள் போகட்டும். ஆரும் வந்தால் நான் பின்னுக்கு நிக்கிறன்.”

அவள்மேல் வந்ததைவிட இவர்மேல்தான் கூடக் கோபம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். ஆனால், வீடியோவை அழி என்று நானும் திரும்பச் சொல்லவில்லை.

15.03

கனடாவிலிருந்து லீவில் வந்த உதயகலா என்ற ஒருவரை வினோஜா கூட்டிவந்தாள். இவர் சொன்னபடியே பின்பக்கம் குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். சொந்த வீட்டில் ஒளிந்து நிற்கிறார்!

அந்த மனுசி ஒரு சேலையை நீட்டினார். சாம்பல் நிறம், கரை இல்லை. “உங்களுக்குப் பொருந்துமெண்டு பாத்து எடுத்தனான்.” கூசிக்கொண்டே வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து இவர் தும்மினார். மிளகாய் வறுத்த நெடி இவருக்கு ஆகாது.

“ஆர் உள்ளுக்கை?” என்றார் உதயகலா.

“வேலைக்கு நிக்கிறவர்” என்றாள் வினோஜா. வாய் கூசாமல்.

எனக்கு என்ன வந்ததோ. “வேலைக்காரன் இல்லை, என்ரை மனுசன்! இஞ்சாருங்கோ, வெளியாலை வாங்கோ!” சட்டைக்குள் மறைத்திருந்த கொடியை வெளியே இழுத்துவிட்டேன். இவர் இடுப்பில் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, தான் ஏதோ பிழை செய்தவர் மாதிரி வந்து நின்றார். சேலையைத் திரும்ப அந்த மனுசியின் கையிலேயே வைத்தேன். அவர் அப்படிப் பார்த்ததற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

16.03

“ஏமாற்றுக்காரி” என்று என் படத்தோடு உதயகலா எழுதிவிட்டார். எழுதட்டும், உள்ளதுதானே. ஓடர் தந்தவர்கள் வரிசையாக வேண்டாம் என்கிறார்கள்.

அக்கா போன் எடுத்தாள். “பிள்ளை உதவி செய்யத்தானே வந்தவள்?”

உதவி! உயிரோடு இருக்கிற மனுசனைச் சாகடிச்சு உதவி! வீடியோவை அழிக்கச் சொல்லு என்று சொல்லிப் போனை வைத்தேன்.

17.03

அழித்துவிட்டாள்.

30.03

நாங்களே புதிதாக ஒரு வீடியோ எடுத்தோம். போனை அரிசிப் பானையில் சாய்த்து வைத்து, முதலில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இவர் கலியாண வீடுகளுக்குப் போடுகிற முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார், மிளகாய் வறுக்க! தொடங்க முன்னம் என் நெற்றியைப் பார்த்து, “பொட்டுச் சரிஞ்சு கிடக்கு, நேராக்கு” என்றார்.

இரண்டே ஓடர்தான் வந்திருக்கிறது. மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன. இனி எப்படி விற்பதென்று தெரியவில்லை.

வீடியோவின் நடுவில் இவர் தும்முகிறார். அதை நான் வெட்டவில்லை.