அப்பாவின் எழுநூறு மில்லி

மே 3, ஞாயிறு. காலை 5.20. ஆற்றுத் தண்ணீர் வந்தது, ஒன்பது நாள் கழித்து. 18 குடம், ஒரு டிரம். அதற்குள் குழாய் காற்று ஊத ஆரம்பித்துவிட்டது.

இப்போதே வெயில். அம்மா குடம் தூக்கினாள், தங்கச்சி மகா டிரம். நான் தெருவில் சண்டை: குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவன் எவன்? மாட்டக் கூடாது என்பது விதி. எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதில் நாலு நான் மாட்டிக் கொடுத்தது.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு, நிறைகிற குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அளவு கிடையாது.

குடிப்பதற்கு உண்டு. நாளைக்கு 700 மில்லி. காபி, ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அதற்குள். சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருஷம். உள்ளே போனது உள்ளேயே நிற்கும்; செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் மிஷின்தான் எடுக்க வேண்டும். 'உப்புத் தண்ணி குடிச்சதால வந்தது' என்கிறார்கள் ஊரில். இல்லை. சர்க்கரை. கவனிக்காத சர்க்கரை.

பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா: “ஊருக்கே லாரி லாரியாத் தண்ணி ஊத்துனவனுக்கு, பெத்த பிள்ள மூடியில அளந்து தாரான்.”

அம்மா: “அவன் அளக்கலேன்னா நீங்க அண்டாவோட குடிப்பிய.”

மே 5, செவ்வாய். அனல். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம். 2.8 கிலோ தண்ணீர் எடுத்தார்கள். அதிகம். கோட்டைத் தாண்டியிருக்கிறார்.

“வாய் கொப்பளிச்சேம்லே.”

“கொப்பளிச்சுத் துப்புனீங்களா?”

ஜன்னலைப் பார்த்தார்.

என் பிழைப்பு ஆர்.ஓ. மிஷின் சர்வீஸ். கடைகள், பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் குடிநீர் நிலையம். அதனால் இது எனக்குப் புரிகிற விஷயம். எல்லாம் சவ்வு. நான் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கிறேன், இவர்கள் ரத்தத்திலிருந்து. கூடப் படித்த ஒருவன் குவைத்தில் இருக்கிறான், அங்கே கடலையே வடிகட்டிக் குடிக்கிறார்கள். உலகமே சவ்வை நம்பித்தான். அப்பாவை ஒரு தடவை கழுவ நூற்றிருபது லிட்டர் சுத்தமான தண்ணீர். அவர் கட்டிலை ஒட்டிய குழாய் வழியாக ஓடி, சாக்கடைக்குப் போகிறது. அவர் ஒரு ஐஸ் கட்டி கேட்டார். தரவில்லை.

சிஸ்டர் மறுபடியும் சாப்பாட்டுப் பாடம் எடுத்தார். வாழைப்பழம் வேண்டாம். ஆரஞ்சு வேண்டாம். கீரை வேண்டாம்.

“எல்லாத்துக்கும் மேல இளநி. தண்ணி கூடிப்போனா மூச்சு முட்டும், மிஷின்ல எடுத்துரலாம். இளநில இருக்க பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திரும் ஐயா. நேரம் குடுக்காது.”

“சரிம்மா.” நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வாங்க வேண்டியது: ஃபில்டர் 6, அம்மாவுக்குத் தைலம், பைக் செயின்.

மே 8, வெள்ளி. காற்றே இல்லை. மிஷின் முடிந்து வரும்போது அச்சகத்தில் கல்யாணக் கடிதம் வாங்கினோம். மகாவுக்கு வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை தூத்துக்குடி, துறைமுகத்தில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் அதிகம் பேசுகிறார்.

கடிதத்தில் சித்தப்பா பேர். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா தனியாகப் போன் போட்டுச் சேர்த்திருக்கிறார்.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. விளாத்திகுளம் பக்கம், எங்கள் சொந்த ஊரிலேயே இருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வரப்பை ஒட்டி ஆழமாக போர் போட்டார். எங்கள் கிணறு வற்றியது. “உன் வீட்டுல இனிமே பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டு, அப்பா கோவில்பட்டிக்கு வந்து தண்ணி லாரி ஓட்டினார். சொன்னபடி குடிக்கவில்லை. அங்கே ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போனபோதுகூட வாசலோடு நின்று வந்தார்.

இப்போது தானே போகவேண்டுமாம்.

“தபால்ல போடுவோம்பா. இல்ல வாட்ஸப்புல.”

“பங்காளிக்கு வாட்ஸப்பாலே? தட்டுல வச்சு நேர்லதான் குடுக்கணும்.”

“ஒவ்வொரு வீட்லயும் சொம்பத் தூக்கிட்டு வருவாவ. வேண்டாம்னு சொல்லுவியளா?”

“கல்யாணம் சொல்லப் போன வீட்ல தண்ணி வேண்டாம்னா, போயும் போகாத கணக்குத்தான்.”

மகாதான் வழி சொன்னாள். அப்பா சொம்பை வாங்கி உதட்டில் வைக்க வேண்டியது. நான் பக்கத்திலிருந்து வாங்கிக் குடித்து முடிக்க வேண்டியது. அப்பாவுக்குச் சிரிப்பு. “சொத்துக்கு வாரிசு கேட்டிருக்கேன். தாகத்துக்கு இப்பத்தான் கேக்கேன்.”

ஒப்புக்கொண்டோம். ஞாயிறு போவது.

மே 12, செவ்வாய். மிஷின் நாள். போக வேண்டியதில்லை.

ஞாயிறு நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும். வரிசையாக.

காலை பஸ். நான், அப்பா, அம்மா. எட்டயபுரம் வரை நின்றுகொண்டுதான்; அப்பாவுக்கு மட்டும் யாரோ ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. விளாத்திகுளத்தில் முதல் கடிதம் வத்தல் கடை பாய்க்கு. அப்பாவின் லாரித் தண்ணீரை வருஷக் கணக்கில் வாங்கியவர்.

“அண்ணாச்சி, வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல சர்பத் குடிங்க.” அப்பா உதட்டில் வைத்தார், நான் குடித்தேன். என்னுடையதையும் குடித்தேன். பாய் என்னையே பார்த்தார். “தம்பிக்கு நல்ல தாகம்.”

அப்புறம் ஊரில் ஐந்து வீடு. ஐந்து சொம்பு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வழி சரியாக வேலை செய்தது.

கடைசியில் சித்தப்பா வீடு. அவர் வாசலில் நின்றார். வா என்று சொல்ல வாய் வரவில்லை. சித்திதான் “வாங்கத்தான், வாங்கக்கா” என்று முன்னால் வந்தாள்.

அப்பா தட்டை நீட்டினார். “மகாவுக்குக் கல்யாணம்லே. நீ இல்லாம எப்படி?”

சித்தப்பா தட்டோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெற்றிலை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

சித்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “கேன் வண்டி மூணு நாளா வரலத்தான். போர்த் தண்ணிதான்.” என் சட்டைப் பையில் எப்போதும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர், பேனா மாதிரி. சொம்பில் முக்கினேன். 2,300; ஐந்நூறுக்குள் இருக்க வேண்டியது.

“இதையா குடிக்கிய சித்தப்பா? இது தண்ணியில்ல, ஊறுகாய்.”

சாதாரணமாகத்தான் சொன்னேன். தினமும் பத்து இடத்தில் சொல்கிறது. சித்தப்பா முகம் சுருங்கிப்போனது.

“உப்பாகி அஞ்சு வருஷமாச்சு. வத்தலுக்கும் ஆகல, பருத்திக்கும் ஆகல. நாலு தென்னைதான் தாங்கி நிக்கி.”

“பரவால்ல, தா” என்று அப்பா கையை நீட்டினார். சித்தப்பா சொம்பைப் பிடித்துக்கொண்டார். “இதப் போயி ஒனக்குக் குடுப்பனா? இருண்ணே.” வெளியே போனார்.

எனக்கு வயிறு முட்டியிருந்தது. எல்லார் வீட்டுத் தண்ணீரும் என்னிடம்தானே. அம்மா சித்தியோடு அடுப்படியில். நான் பின்பக்கம் உடைமரத்துக்கு அந்தாண்டை போனேன்.

திரும்பி வரும்போது அப்பா இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு காய் காலியாகக் கிடந்தது. கையில் இருந்தது இரண்டாவது.

அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு. தொண்டை ஏறி இறங்கியது. கழுத்தில் வழிந்ததைப் புறங்கையால் வழித்து அதையும் வாயில் வைத்தார். ஒன்றரை வருஷமாக அவர் அப்படி எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

“அப்பா!”

சும்மா இரு என்று ஒரு பார்வை.

சித்தப்பா அரிவாளோடு நிற்கிறார். சிரிப்பும் கண்ணீரும். “இன்னொண்ணு சீவட்டாண்ணே?”

“போதும்லே. நிறைஞ்சிட்டு.”

சாப்பிடவிடாமல் கிளப்பினேன். வாடகைக் கார். சிஸ்டருக்குப் போன். எத்தனை காய் என்று கேட்டார். சொன்னேன். “நேரா வாங்க. மிஷின் ரெடி பண்ணச் சொல்லுதேன்.”

காரில் கத்தினேன். “சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாவல்ல? மறந்துட்டியளா?”

“மறக்கலலே.”

“பின்ன?”

“சீவி நீட்டுதான். கை நடுங்குது அவனுக்கு. அதத் தட்டிவிடச் சொல்லுதியா?”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போய்: “நல்ல இனிப்பு. அந்த உப்புல எப்படித்தான் இப்படிக் காய்க்கோ.”

எட்டயபுரம் தாண்டியதும் கால் இரண்டும் துணி மாதிரி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் தூக்கித்தான் இறக்கினோம். ஊசி மேல் ஊசி. மிஷின் ஒரு பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. மானிட்டரில் கோடு அகலமாகிக்கொண்டே போனது. எனக்கு அந்தக் கோடு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்தது.

மாலை 5.10.

மே 13, புதன். மேகம் கூடி, பெய்யாமல் கலைந்தது. தண்ணீர் வந்தது, பக்கத்து வீட்டார் பிடித்து வைத்துவிட்டார்கள்.

சித்தப்பா திங்களிலிருந்து இங்கேதான். வருகிறவர்கள் எல்லாரிடமும் அதே பேச்சு. “பதினோரு வருஷம் கழிச்சு அண்ணன் வீட்டுக்குள்ள வந்தான். கடைசியா என் கையாலதான் வாங்கிக் குடிச்சான். ரெண்டு இளநி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. எனக்கு இது போதும்யா.”

கேட்கிறவர்கள் “கொடுத்து வச்சவரு” என்கிறார்கள். நான் எழுந்து போய்விடுகிறேன். மோட்டார் அறையில் நின்றேன். அங்கேயும் கேட்கிறது.

மகாவிடம் சொன்னேன்: இவரிடம் சொல்லிவிடப் போகிறேன். உள்ளது உள்ளபடி. நாளைக்கு இன்னொரு நோயாளிக்குச் சீவிக் கொடுத்தால்?

“சொல்லி?”

“தெரியணும்லா.”

“மாப்ள வீட்ல குறிச்ச தேதிலயே வச்சுக்கிடுவோம்னுட்டாவ. அப்பா இடத்துல நின்னு தாரை வார்க்கப் போறது சித்தப்பாதான். நீ சொல்லிட்டேன்னா அந்தக் கைய என் கைமேல வைப்பாவளா?”

எழுந்து போகப் பார்த்தேன்.

“ஒனக்கு எல்லாத்தையும் அளந்து சொல்லணும்ண்ணே. அன்னிக்கும் சொம்புல மீட்டர விட்டேல்ல.”

அடித்தாற்போல் இருந்தது. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மே 15, வெள்ளி. வெயில். இன்றும் மிஷின் நாள். காலையில் கை தானாகப் பாட்டிலை எடுத்துக் கோடு வரை நிரப்பிவிட்டது. ஊற்றவும் முடியவில்லை. அடுப்படி மேடையில் நிற்கிறது.

மத்தியானம் டீக்கடைக்குப் போய்வந்த சித்தப்பா நேராக என்னிடம் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“ஏலே. நீ படிச்சவன். உள்ளதச் சொல்லு. கடைல ஒருத்தன் சொல்லுதான், கிட்னி போனவனுக்கு இளநி ஆகாதாமே. நாந்தான் குடுத்தேன்...”

அரிவாள் பிடித்த அந்தக் கை வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுங்கியது. அப்பா காரில் சொன்ன அதே கை.

“எவன் சொன்னான்? அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தப்பா. இளநி குளுமை. இது ஹார்ட்டு. எப்ப வேணும்னாலும் நின்னுரும்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாவ.”

“நெசமாவாலே?”

“நெசமா.”

அப்படியே தரையில் உட்கார்ந்தார். “கொஞ்சம் தண்ணி தாய்யா” என்றார். மேடையில் இருந்த பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். பதினோரு வருஷத்தில் எங்கள் வீட்டில் அவர் கேட்டுக் குடித்த முதல் தண்ணீர்.

பதினாறாம் நாள் படையலுக்கு ஒரு குலை இளநீர் கொண்டுவருவாராம். “அவனுக்குப் பிடிச்சதுல்லா.” சரி என்றேன்.

இனி செய்ய வேண்டியது:

1. மிஷின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க. அந்த நேரத்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள்.

2. சிஸ்டரிடம் சொல்லி வைக்க: சித்தப்பா வந்து கேட்டால் ஹார்ட் என்று மட்டும். அம்மாவிடமும்.

3. எட்டயபுரம் பள்ளிக்கூட மோட்டார், சத்தம் வருகிறதாம். திங்கள் போக.

4. கழற்றிய சவ்வு இரண்டு கிடக்கிறது. சித்தப்பா போருக்குச் சின்னதாக ஒரு ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்ப.

5. ஒரு வருஷம் போகட்டும். அப்புறம், வேறு ஏதோ ஊரில் யாருக்கோ நடந்த மாதிரி, கிட்னி நோயாளிக்கு இளநீர் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் சொல்ல.

6. 25ஆம் தேதி படையல் முடிந்ததும் அவர் சீவுகிற முதல் காயை நான் வாங்க. அவர் பார்க்க, நின்றபடி, முழுதாகக் குடிக்க.