பேர் வெட்டிய குடம்

சிதம்பரம்
12.7.2024

அன்புள்ள சினேகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஜூலையிலும் அடிக்கும் அங்கத்திய குளிர் உன் மூச்சுக்கு ஒத்துக்கொள்கிறதா, அதை முதலில் எழுது.

செவ்வாய்க்கிழமை கடலூர் கோர்ட்டுக்குப் போனேன். நம் பழைய ஊர்க் கிணறுகளைக் கெடுத்தது மருந்துக் கம்பெனிதான் என்று சிங்காரம் மாமா போட்ட வழக்கில் நான் சாட்சி. ஐந்து வயதில் உனக்கு வந்த மூச்சுத்திணறலைச் சொல்லப் போனேன். கம்பெனி வக்கீலுக்கு உன் வயதுதான் இருக்கும். கம்பெனியை நாங்கள் வாங்கியது 2011இல், அதற்கு முன்னால் நடந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டி, இது உங்கள் கையெழுத்தா அம்மா என்றார். என்னுடையதுதான். மங்கலம், கீழே ஒரு கோடு. தேதி 13.1.1999. மேலே ஆங்கிலத்தில் நாலு வரி. அவரே தமிழில் சொன்னார். எங்கள் வீட்டுத் தண்ணீரிலும் காற்றிலும் குறை எதுவும் இல்லை. அந்தப் பொங்கலுக்குக் கம்பெனி, வீட்டுக்கு ஒன்றாக எவர்சில்வர் குடம் கொடுத்தது. வாங்கியதற்குக் கையெழுத்து என்றார்கள். ஊரே வரிசையில் நின்று போட்டது. நசுங்கல் இருக்கிறதா என்று குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காகிதத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் சிங்காரம் மாமா, என்னா மங்கலம், ஒரு கொடத்துக்கு ஊரையே எழுதிக் குடுத்துட்டியே என்றார். நீங்களுந்தானண்ணா வாங்குனீங்க என்றேன். ஆமா, எனக்கு அடி நசுங்குன கொடம் வேற என்றார். சிரிப்பு வரவில்லை, இருவருக்கும்.

புதுச்சத்திரம் தாண்டும்வரை பஸ்ஸில் ஒரே யோசனை. குற்றம் பழைய முதலாளியுடையதாம். காகிதம் மட்டும் எப்படி இவர்களுடையது? பழைய ஆபீஸ் அலமாரியோடு வந்ததாம், வக்கீல் சொன்னார். அலமாரியை வாங்கியவர்கள் கிணற்றையும்தானே வாங்கினார்கள்.

இன்றும் அதே குடத்தில்தான் தண்ணீர் வைக்கிறேன். கழுத்தில் பேர் வெட்டியிருக்கிறது. கம்பெனி பெயர், பொங்கல் அன்பளிப்பு, 13-1-99. அதே நாள். பத்தொன்பதாம் தேதி அடுத்த விசாரணைக்கு அதை எடுத்துப் போகிறேன். உன் அப்பாவோ, வேணாம், கொடத்துக்காகத்தான் போட்டேன்னு நீயே ஒத்துக்கிற மாதிரி ஆயிடும் என்கிறார். ஆகட்டும். போட்டது நான். அந்தப் பழைய முதலாளி மாதிரி, விற்றுவிட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னொன்று. அந்தக் குடத்தில் மொண்டுதான் உனக்குக் கொடுத்தேன். நாறுதும்மா என்று நீ வாயை மூடிக்கொள்வாய். அடம் என்று நினைத்து அடித்திருக்கிறேன். அதையும் கோர்ட்டில் சொல்வேன். அதற்கு முன் உனக்குத் தெரியட்டும்.

எங்கே பயணம் போனாலும் இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காதே, கைப்பையில் வை. நெஞ்சு நிறைய மூச்சோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
மங்கலம்