இழுவைப் பாட்டும் சபைக் கம்ப்யூட்டரும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பில்லை. இங்கே கர்த்தர் கிருபையால் நாட்கள் நகர்கின்றன. அப்பா அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்த வலது கை இன்னும் எழும்பவில்லை, பேச்சும் வரவில்லை. வாயைத் திறக்கிறார், முகம் சிவக்கிறது, பிறகு வேண்டாம் என்று இடது கையை ஆட்டிவிடுகிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் பொறுமைசாலிதான், ஆனால் அவள் படியேறும் சத்தம் கேட்டாலே இவர் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடக்கிறார். என் முதுகுவலியைப் பற்றி எழுதினால் தாள் போதாது. போனில் சொன்னால் நீ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதோடு இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவும் முடியாது, அதனால்தான் கடிதம்.

சபைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சா என்று கேட்டிருந்தாய். வாங்கியாச்சு. அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பழசு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். பாட்டின் ஒரு சரணம் முடிந்து அடுத்ததுக்கு நான் பொத்தானைத் தட்டினால், அந்த வரிகள் ஆலயத் திரையில் வருவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். அதுவரை சனங்கள் சும்மா நிற்க வேண்டாம் என்று, கடைசிச் சொல்லை விடாமல் இழுக்கப் பழக்கிவிட்டவர் உன் அப்பாதான். பாடகர் குழுவுக்கு முன்னால் இடது கையைத் தூக்கியபடியே நிற்பார். கை இறங்கும் வரை யாரும் சொல்லை விடக்கூடாது. அவர் படுத்த பிறகும் சபை அப்படியேதான் இழுத்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்த போதகர் இதுதான் இந்தச் சபையின் ராகம் என்று நம்பி, எல்லாரையும் விட நீளமாக இழுத்தார். நானும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை, பாவம் நன்றாகவே பாடினார். ஆனால் வீடியோ வேலைதான் என்னைக் கொன்றது. ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஆராதனையை வெட்டிச் சுருக்கி அனுப்புகிறேன் அல்லவா, அந்த மெஷினில் அது பாதியில் நின்றுவிடும், நிற்காவிட்டால் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை புதன்கிழமைதான் வீட்டுக்கு வரும். அதுவரை அப்பா டிவியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி டிவியைப் பார்ப்பார்.

கமிட்டியில் பொருளாளர் அண்ணன், ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்மா, பாட்டு காட்டறதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர், வீடியோவை நிறுத்திடலாம், பாக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம் என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, அந்த விரல்ல ஒண்ணு எங்க வீட்டுல படுத்திருக்கு அண்ணே என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் ஒரு ஒல்லி லேப்டாப்பை எடுத்து வைத்தார். அண்ணன் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து மயங்கிவிட்டார். நீ எழுதி அனுப்பியதை நான் கேட்டேன்: மெமரி பதினாறு ஜிபி இருக்கா, பின்னால் கூட்டிக்கொள்ளலாமா, சபைத் திரைக்கும் பாடகர் குழுவின் சின்னத் திரைக்கும் தனித்தனி வயர் போகுமா. எட்டுதாங்க, கூட்ட முடியாதுங்க, வயர் ஒண்ணுதாங்க என்றார். அந்த லேப்டாப் பார்க்கத்தான் அழகு, வேலைக்கு ஆகாது. கடைசியில் நம் தெரு முனை சர்வீஸ்காரர், ஒரு ஆபீஸ் காலி செய்தபோது வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் காட்டினார். பழசுதான், ஆனால் உள்ளே நல்ல சரக்கு. மெமரியைப் பதினாறாக்கி, வேகமாகத் திறக்கப் புது எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, வீடியோவுக்கும் இரண்டு திரைக்கும் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டால் போதும் என்றார். கார்டுக்கு அண்ணன் முகம் சுளித்தார். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்றேன். சிரித்துவிட்டார், அதோடு முடிந்தது.

முதல் ஞாயிறு பெரிய கூத்து. நான் தட்டினேன், தட்டின உடனே அடுத்த சரணம் வந்து நின்றது. பாதிப் பேர் அதைப் பாட, பாதிப் பேர் பழசை இழுக்க, போதகர் மட்டும் கண்ணை மூடித் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். இனிமேல் இழுக்க வேண்டாம் என்று அறிவிப்பு செய்ய வேண்டியதாயிற்று. போன ஞாயிறுதான் எல்லாரும் ஒழுங்காக நிறுத்தினார்கள். வீடியோவும் அன்று மதியமே தயார். அப்பாவுக்குப் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பாத்திரம் கழுவப் போனேன். கிருபையே என்று சரணம் முடிந்தது, சபை டக்கென்று நின்றது. ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. வெட்டும்போது சத்தத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டது, இந்தப் பெட்டியும் இப்படியா என்று அலுத்துக்கொண்டே ஈரக்கையோடு வந்தேன். அப்பா இடது கையைத் தூக்கி வைத்திருந்தார். வாய் திறந்திருந்தது. கிருபையே என்று, எழுத்து சுத்தமாக, இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாடி, எத்தனை வாரமாகப் பாடினாரோ. இத்தனை நாளும் சபை இழுத்த இழுப்பில் அவர் குரல் அமுங்கிப்போயிருக்கிறது, சமையலறையில் எனக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. கையை எனக்கு நேராகத் திருப்பினார். நானும் வாசலிலேயே நின்று அழுதுகொண்டே இழுத்தேன். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன், பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் பாட்டு தங்கியிருக்கும், இனி பாட்டிலிருந்தே தொடங்கலாம் என்றாள். பெரிதாக ஆசைப்பட எனக்குப் பயமாக இருக்கிறது, நீயும் ஆசைப்படாதே.

குட்டிக்கு முத்தம். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கண்ணின் மணிபோல் காப்பாராக. மறக்காமல் ஞாயிறு மதியம் போன் செய், மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதே. அப்பாவின் காதில் வைக்கிறேன், உனக்குத் தெரிந்த பாட்டு ஒன்று பாடு. சரணம் முடிந்ததும் சட்டென்று விட்டுவிடாதே. இங்கே அவர் கை இறங்கியதும் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா