அண்ணன் பிடுங்கிய முளை

அக்டோபர் 14, செவ்வாய்

வீட்டு முன்சுவரை வளைவாகக் கட்டுகிறோம். வளைவின் மையம் வேலிக்கு அந்தப் பக்கம், அண்ணன் இடத்தில் விழுகிறது. கொத்தனார் ஆரோக்கியம் அங்கே முளையடித்து, அதில் கட்டிய கயிற்றால் ஒவ்வொரு செங்கலையும் அளந்து வைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அண்ணன் வந்து முளையைப் பிடுங்கிவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு மட்டும் இருக்கட்டும்ணே" என்றேன். சொத்துப் பிரித்ததிலிருந்து என்னோடு பேச்சில்லை. கொத்தனாரிடம்தான் சொன்னார்: "என் எடத்துல எதையும் ஊண்டக் கூடாதுப்பா."

பிறகு கொத்தனார் பலகையை வளைவாக அறுத்து, அதை ஒட்டியே கல் வைத்துப் பார்த்தார். சாயங்காலம் கடைசி இரண்டு வரிசை வெளியே தள்ளி நின்றது.

"பிரிச்சிரவாம்மா?" என்றார்.

காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்.