கடைசிப் பதினோரு நிமிடம்

மாப்ள,

இன்று காலை உன் மகள் என் டிவிடி கடைக்கு வந்தாள். கல்லூரிப் பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து மேசைமேல் பிரித்தாள். உள்ளே, உனக்கு நான் போட்டுக் கொடுத்த டிவிடி. ‘பாப்பா காதுகுத்து’ என்று என் கையெழுத்து. திருப்பிப் பார்த்தேன். பளபளப்பே இல்லை, வட்டவட்டமாகத் தேய்த்த கோடுகள். நடு ஓட்டையைச் சுற்றிப் பல் தேய்க்கும் பேஸ்ட் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

“அப்பா பையில இருந்துச்சுங்க மாமா. அம்மா இத்தன வருசமா பீரோவுல வெச்சிருந்தாங்க. எதுல போட்டாலும் ஓட மாட்டேங்குது. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க மாமா” என்றாள்.

நீ அப்போது சத்தீஸ்கரில் போர்வெல் வண்டியோடு இருந்தாய். பெற்ற மகளின் காதுகுத்துக்கே ஓனர் விடவில்லை. படத்தையாவது பார்க்க வேண்டும் என்றாய். ஸ்டூடியோக்காரர் கொடுத்ததோ இரண்டு டிஸ்க் அளவு கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க். உங்கள் வண்டியில் இருந்த பழைய பிளேயர் அதைத் துப்பிவிடும். சாதாரண டிஸ்க்கில் அடக்க வேண்டுமானால் படத்தைச் சுருக்கியாக வேண்டும்.

அதுதானே என் வித்தை! லினக்ஸ் போட்ட என் கம்ப்யூட்டரில் இருந்த பென்குயின் படத்தைப் பார்த்து நீ ‘வாத்துப் பொட்டி’ என்று பேர் வைத்திருந்தாய். “உன்ர வாத்து இன்னிக்கு என்னடா முட்ட போட்டுச்சு?” என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்குள் நுழைவாய். நானும் சளைக்க மாட்டேன். “ரெண்டு டிஸ்க்குப் படத்த ஒண்ணுல அடக்கும்டா, ஒரு புள்ளி சிதறாது” என்று பீற்றிக்கொள்வேன்.

அன்று உன் மனைவி வந்து அவசரப்படுத்தினாள். உங்கள் வண்டிக்குக் கிளம்பும் ஆள் சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானாம். “மூணு மணிக்குள்ள குடுத்துருங்கண்ணா” என்றாள். முழுப் படத்தையும் சுருக்கிப் பார்த்தேன், முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. எதையாவது விட்டால்தான் மிச்சம் தெளிவாக வரும். கடைசியில் பதினோரு நிமிடம் பந்தி. சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். இலை, சோறு, மறுபடியும் இலை. ‘சோத்த என்ன பார்க்கப் போறான்’ என்று திரையில் அந்தப் பகுதிக்கு நேராக இருந்த டிக் குறியை எடுத்து, அதை வெட்டிவிட்டேன். இரண்டு டிஸ்க்காகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். ஒன்றில் அடக்கினால்தானே எனக்குப் பெருமை.

பத்து நாள் கழித்து நீ போன் செய்தாய்.

“படம் அருமைடா. ஆனா பந்தியில பாப்பா எங்கிட்டப் பேசறாளாமா, அவங்கம்மா சொன்னா. அதக் காணோமே?”

வெட்டிவிட்டேன் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? என் வாய் வேறு சொன்னது. “டிஸ்க்குல கீறல் உழுந்திருக்கும். உங்க வண்டிப் புழுதிக்குத் தாங்குமா அது?”

“பேஸ்ட் போட்டுத் தேச்சா ஓடும்ங்கறாங்களே?”

“தேச்சுப் பாரு.”

போனை வைத்ததும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த முழுப் படத்தைச் சத்தத்தோடு ஓட்டினேன். பாப்பா வாயெல்லாம் சோறு. கேமராவைப் பார்த்து, “அப்பா, எப்ப வாரீங்க? காது வலிக்கவே இல்லீங்கப்பா, சீக்கிரம் வாங்க” என்கிறாள். அடுத்து யாராவது கிளம்பும்போது சரியான டிஸ்க்கைக் கொடுத்தனுப்பிவிடலாம் என்றிருந்தேன். ஆள் கிளம்பினான். கல்யாண சீசன், வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லலாம். உன்னிடம் என்ன நடிப்பு? மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். நீ இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாய். “இன்னும் கொஞ்சம் தேச்சுப் பார்க்கறேன்” என்றாய். நான் உம் கொட்டினேன். அதற்கப்புறம் வந்தது உன் ஓனரின் போன். காய்ச்சலாம், நாலே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாயாம்.

காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. ‘இன்னும் கொஞ்சம் தேச்சுப் பார்க்கறேன்.’ எந்தக் கம்பெனி பேஸ்ட்டுக்கு மாறினாலும் விடமாட்டேன் என்கிறாய்.

இன்று பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, முழுப் படத்தையும் பென் டிரைவில் ஏற்றி, கடைசிப் பகுதியை உன் மகளுக்கு ஓட்டிக் காட்டினேன். தன் குரலைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். “டிஸ்க்குல இருந்து எடுத்துட்டீங்களா! கில்லாடி மாமா நீங்க!”

தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் அந்த டிஸ்க்கை விரலால் தடவிக்கொண்டே, “அப்பா இதக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படித் தேஞ்சுபோச்சு போலிருக்குது மாமா” என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டிஸ்க்கிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப அப்பா இதக் கேக்கவே இல்லீங்களா?”

“இல்ல சாமி.”

திட்டியிருந்தால் தேவலை. பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டிஸ்க்கை என் பக்கம் தள்ளினாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க.” வார்த்தைக்கு வார்த்தை மாமா போடுகிறவள், அப்போது போடவில்லை.

இருக்கிறது, மாப்ள. நீ தேய்த்த பக்கம் மேலே தெரியும்படி, எனக்கு நேராக வைத்திருக்கிறேன்.